கார்பன் துணியும் கார் சாவியும்

கன்னையாவுக்கு எந்த ஆசை வந்தாலும் மூன்று நாள் காய்ச்சல் மாதிரி வரும், போகும். மீன் தொட்டி வைத்தான், போயிற்று. கராவோக்கே பெட்டி வாங்கினான், அதுவும் அலமாரி உச்சிக்குப் போயிற்று. ஆனால் தொண்ணூற்றேழாம் வருஷம், காருக்குள் கார்பன் இழையில் நெய்த துணி போர்த்த வேண்டும் என்று ஒரு ஆசை வந்ததே, அது மட்டும் இறங்குகிற வழியைக் காணோம்.

அந்த வருஷம் கிள்ளான் பட்டணத்தில் எந்தக் காருக்குள் எட்டிப் பார்த்தாலும், பாய் முடைந்த மாதிரி கறுப்புக் கட்டம் போட்டு மின்னிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி வெறும் ஸ்டிக்கர். கன்னையாவின் வெள்ளை புரோட்டோன் சாகாவோ ஒன்பது வயதுக் கிழம். மீட்டரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பலகை வெயிலில் வெளுத்து, கியரடிப் பலகை கீறல் விழுந்து, கதவுப் பலகைகள் நாலும் சாம்பல் பூத்துக் கிடந்தன.

"ஸ்டிக்கர்லாம் சின்னப் பசங்க வேல லா. நான் போட்டா ஒரிஜினல்தான் போடுவேன்," என்று சொல்லிவிட்டுச் செராஸ் வரைக்கும் போனான். நிஜ கார்பன் துணி ஒரு சுருள், அதை ஒட்டுகிற ரெசின் பசை ஒரு டின், ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு போத்தல் என்று எல்லாம் வாங்கிக்கொண்டு, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி வந்தான்.

பண்டமாரானில் இருந்த வீட்டு வாசலில் நின்று அவன் மனைவி மாரியாயி அந்தத் துணியைப் பார்த்தாள். பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. தெரியாமல் என்ன? தெலுக் பங்லிமா காராங் ஊரில் ஒரு பெக்டரியில் பதினோரு வருஷமாய் அவள் தினமும் தொடுகிற துணி அதுதான். வெளிநாட்டுப் படகுப் பந்தயங்களுக்குத் துடுப்பு செய்து அனுப்புகிற பெக்டரி. கார்பன் துணியை அச்சில் படுக்க வைத்து, ரெசின் பூசி, ஒரு குமிழி இல்லாமல் தடவி எடுக்கிற வரிசையில் மாரியாயிதான் மூத்த கை.

புருஷனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பெண்டாட்டி துடுப்பு பெக்டரியில் வேலை செய்கிறாள் என்பது தெரியும். துடுப்பு என்றால் மரம் என்று அவனே முடிவு செய்துகொண்டான். பதினோரு வருஷத்தில் ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால்தானே?

"இத எப்பிடிங்க ஒட்டுவீங்க?" என்றாள்.

"இது டெக்னிகல் சமாச்சாரம். நீ தொடாம இருந்தா போதும்."

மாரியாயி உள்ளே போய்விட்டாள். தொடாதே என்றால் தொட மாட்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டு.

அவளுக்கு ஒரு ஆசையும் உண்டு. அது மூன்று நாள் காய்ச்சல் இல்லை, மூன்று வருஷத்து ஏக்கம். அந்தக் காரை ஒரு தடவை தானே ஓட்ட வேண்டும். லைசன்ஸ் முறைப்படி எடுத்திருந்தாள், அதுவும் முதல் தடவையிலேயே. கன்னையா மூன்றாம் தடவையில் தேறியவன், ஆகவே அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வருஷா வருஷம் லைசன்ஸைப் புதுப்பித்து வந்து பட்டுச் சேலைக்கு அடியில் வைப்பாள். சாவியைக் கேட்டால் மட்டும், "ஹைவே பூரா லோரி," என்பான். "மழை வரும் போல இருக்கே," என்பான். "அடுத்த வாரம் பாப்போம்," என்பான். அந்த அடுத்த வாரம் நாள்காட்டியில் இன்னும் அச்சாகவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரை ஓட்டிப் பழகிய நாட்களில் மனசு எவ்வளவு லேசாய் இருந்தது என்று பெக்டரி பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் நினைப்பாள். நினைத்தால் அழுகை வரும், அடக்கிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், கன்னையாவின் தங்கை நல்லம்மாளின் மகள். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். நம் வீட்டு வண்டியை உள்ளே பார்த்தால் அவர்கள் அசந்துபோக வேண்டும் என்பது கன்னையாவின் திட்டம். வெள்ளிக்கிழமை மாலையே பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டான். கார், உரித்த கோழி மாதிரி வயர் தொங்க நின்றது.

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு வேலை ஆரம்பம். டின்னில் இருந்த ரெசினில் பாதியை ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஊற்றினான், ஹார்டனரை விட்டான், ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினான். நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது.

கன்னையா நாள்காட்டியைக் கேட்காமல் முடி வெட்டிக்கொள்ள மாட்டான். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். புதுத் துணியை அந்த நேரத்தில் தொடுவானா? குவளையை ஒரு தட்டுப் போட்டு மூடி ஓரமாய் வைத்துவிட்டு, பத்தரை ஆகட்டும் என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சமையல்கட்டிலிருந்து மாரியாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கலக்கின ரெசினை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. 'நீ தொடாம இருந்தா போதும்' என்ற சொல்லும் கூடவே ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தாள், குவளைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய பேப்பர் கட்டை எடுத்து அப்பால் வைத்தாள், சட்னிக்குத் தேங்காய் துருவப் போனாள்.

பாதித் தேங்காய்கூடத் துருவவில்லை. "மாரி, இங்க வா, புகையுது," என்று குரல் வந்தது.

குவளை உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் புகை. மாரியாயி இடுக்கியால் அதைப் பிடித்துக்கொண்டு போய் வாசல் மண்ணில் வைத்தாள். உள்ளே ரெசின் கல்லாகியிருந்தது.

"பாத்தியா? கலக்கி முடிக்கிறதுக்குள்ள ஒம்போது அடிச்சிருச்சு. ராகு சும்மா விடுவானா?" என்றான் கன்னையா.

"ராகு என்னாங்க பண்ணுவாரு, பாவம். கலக்கின ரெசின் ஒரே எடத்துல குமிஞ்சு கெடந்தா தானே சூடாவும். தட்டுல பரப்பி வெக்கணும். இருவது நிமிஷத்துல பூசி முடிச்சிரணும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பதினோரு வருஷமா அதத்தான செய்யறேன்."

கன்னையா அவள் பக்கம் திரும்பினான். "துடுப்பு மரம் இல்லியா?"

"இல்ல."

அவன் மெதுவாய் முக்காலியில் உட்கார்ந்தான். மிச்சம் இருப்பது பாதி டின். ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். அது சொதப்பினால் நாளைக்கு உரித்த கோழியில் ஏறித்தான் சம்பந்தி வீட்டுக்கு முன்னால் போய் இறங்க வேண்டும். மாரியாயி அவசரப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ செஞ்சு குடுப்பியா?" என்றான்.

"செய்யறேன். நாளைக்குக் கார நான் ஓட்டணும்."

"நாளைக்கா? ஹைவே பூரா..."

"ஞாயித்துக்கெழம லோரி கம்மி."

கன்னையா காரைப் பார்த்தான், கல்லான குவளையைப் பார்த்தான். "சரி, ஓட்டு."

"இருங்க. இன்னும் ராகு காலம் முடியல. இப்ப குடுத்த வாக்கு செல்லாதுன்னு நாளைக்கு சொல்லுவீங்க. பத்தரைக்கு அப்புறம் இன்னொரு தடவ சொல்லணும்."

பத்தரை தாண்டி இரண்டு நிமிஷத்தில், நாள்காட்டிக்கு முன்னால் நின்று, கன்னையா இன்னொரு தடவை சொன்னான்.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. பதினோரு வருஷமாய் தன் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி நிற்க வேலை செய்தவள், முதன்முதலாய்த் தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு வேலை செய்தாள். பலகைகளை உப்புத்தாள் வைத்து மினுமினுப்புப் போகத் தேய்த்தாள். மைலோ டின்களை வரிசையாய்க் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகையை உட்கார வைத்தாள். துணியை வெட்டும் முன் வெட்டப்போகிற கோட்டில் டேப் ஒட்டினாள், நூல் பிரியாமல் இருக்க. கன்னையா துணியை எடுத்து வேட்டி உதறுகிற மாதிரி உதறப் போனான். புறங்கையில் ஒன்று வைத்தாள். அவனும் வாங்கிக்கொண்டான்.

கறுப்புச் சாயம் கலந்த ரெசினை முதல் பூச்சாய்ப் பூசிக் காய விட்டாள். "விரல வெச்சா ஒட்டணும், ஆனா விரல்ல கற வரக் கூடாது. அப்பதான் துணி," என்றாள். கன்னையா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலை வைத்துப் பார்த்து, கறை வருகிறது, கறை வருகிறது என்று அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் கறை வரவில்லை. மாரியாயி துணியைப் பலகையின் நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போனாள். மூலை வந்தது. கன்னையா மூச்சைப் பிடித்தான். அவள் இரண்டு கட்டை விரலால் துணியை லேசாய் இழுத்து மடக்கினாள். கட்டம் கோணாமல் மூலை திரும்பிவிட்டது. அந்தக் கை இதெல்லாம் செய்யும் என்று தெரியாமல் இத்தனை வருஷம் அதிலிருந்து காப்பி வாங்கிக் குடித்திருக்கிறோமே என்று அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாய் இருந்தது. வெட்கப்பட்டான் என்பதற்கு அடையாளம், மத்தியானச் சாப்பாட்டை அவனே போய்க் கடையில் கட்டி வாங்கி வந்தான்.

மேலே தெளிந்த ரெசின் இரண்டு பூச்சு. இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. ஈரக்காற்றும் தூசியும் பட்டால் மேல்பூச்சு பால் திரிந்த மாதிரி ஆகிவிடும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், கன்னையா உள்ளே ஓடிப் படுக்கையறைக் கொசுவலையைக் கழற்றி வந்தான். ஜன்னல்களைச் சாத்தி, ஆறு பலகைகளுக்கும் மேலே வலையைக் கட்டினார்கள். அன்று ராத்திரி கொசுவுக்கு நல்ல விருந்து. பலகைகள் மட்டும் ஒரு தூசி இல்லாமல் தூங்கின.

ஞாயிறு விடிந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, எட்டரைக்குள் எல்லாம் பொருத்தியாயிற்று. கறுப்புக் கட்டங்கள் ஆழமாய், நல்லெண்ணெய்க்குள் கிடக்கிற மாதிரி தெரிந்தன. மீட்டர் பலகையில் தன் முகத்தையே பார்க்கலாம். மாரியாயி பார்த்தாள். சிரிப்பு தானாய் வந்தது.

பட்டுச் சேலை கட்டி, லைசன்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கன்னையா ஏற்கனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"போவும்போது நான் ஓட்டறேன் மாரி. சொந்தக்காரங்க எல்லாம் வாசல்ல நிப்பாங்க. வரும்போது நீதான். நாளைக்குன்னுதான சொன்னே, போறப்பன்னு சொல்லலியே."

சண்டை போட்டால் முகூர்த்தம் தவறும். மாரியாயி இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். ஷா ஆலம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்லம்மாள் வீட்டு விசேஷம் நாலரைக்கு முன்னால் முடிந்து இவர்கள் கிளம்பியதாய்ச் சரித்திரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். முதன்முதலாய் ஸ்டியரிங் பிடிக்கிறவள் அந்த நேரத்திலா பிடிப்பாள் என்று கேட்பான். பேச்சோடு பேச்சாய் அவனே ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிடுவான். அடப்பாவி என்று நினைத்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் தட்டு மாற்றினார்கள், மோதிரம் போட்டார்கள், வாழையிலைச் சாப்பாடு முடிந்தது. கன்னையா ஒவ்வொருவராய்க் காருக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டினான். கடைசியாய் மாப்பிள்ளையின் பெரியப்பா சிவசம்பு வந்தார். பொதுப்பணி இலாகாவில் எஞ்சினியராய் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மீட்டர் பலகையின் மூலையை விரலால் தடவினார்.

"குமிழி ஒண்டையும் காணேல்லையே. இதை ஆர் செய்தது தம்பி?"

மாரியாயி நாலடி தள்ளி, நல்லம்மாளோடு நின்றுகொண்டிருந்தாள். கன்னையாவின் நெஞ்சு ஏற்கனவே நிமிர்ந்துவிட்டது. 'நான்' என்கிற சொல் உதடு வரை வந்ததை அவள் பார்த்தாள்.

"வீட்டுலதான் செஞ்சோம்," என்றான்.

"மூலையை எப்பிடித் திருப்பினனீங்கள்?"

கன்னையா தலையைச் சொறிந்தான். பிறகு திரும்பி, மண்டபத்துக்கே கேட்கிற குரலில், "மாரி, இங்க வா. ஐயா கேக்கறாரு பாரு," என்றான். அவரிடம், "செஞ்சது என் வீட்டுக்காரிங்க ஐயா. பதினோரு வருஷம் அனுபவம்," என்றான். தானே அந்தப் பதினோரு வருஷமும் பயிற்சி கொடுத்த மாதிரி அதைச் சொன்னான் என்பது வேறு விஷயம். மாரியாயி விவரம் சொன்னாள். சிவசம்பு பாடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

மணி நாலு ஆயிற்று. சாப்பாட்டுக்காரர்களின் லோரி பாத்திரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கன்னையாவின் கார் வழியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. லோரி நெளிந்து போயிருக்கலாம்தான். ஆனால் மாரியாயி நேரே கன்னையாவிடம் போனாள். அவன் சம்பந்தி வீட்டு ஆண்கள் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான்.

"சாவி குடுங்க. லோரிக்கு வழி விடணும்."

கன்னையா சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"தங்கச்சிக்குக் காரும் ஓடத் தெரியுமோ?" என்றார் சிவசம்பு.

இத்தனை பேருக்கு முன்னால் என்ன சொல்வான்? "தெரியுமாவா? லைசன்ஸ் மொத தடவையே எடுத்தவங்க ஐயா," என்றான். மூன்று வருஷமாய் வீட்டில் வெளிவராத வார்த்தை. சொல்லிக்கொண்டே சாவியையும் நீட்டினான்.

மாரியாயி வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கிளட்சை அழுத்தி, முதல் கியர் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பத்தடி போய் நிறுத்தியிருந்தால் லோரிக்குப் போதும். அவள் நிறுத்தவில்லை. துன் சம்பந்தன் சாலையில் திரும்பி, பூக்கடைகளைத் தாண்டி, பின்சந்து வழியாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் எடுத்து ஒரே முயற்சியில் நிறுத்தினாள். டாஷ்போர்டு கடிகாரத்தில் நாலு பதினெட்டு. அதை ஒருமுறை நன்றாய்ப் பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

விடைபெற்று வெளியே வரும்போது நாலே முக்கால். கன்னையா கடிகாரத்தைப் பார்த்து, வருத்தப்படுகிற மாதிரி உச்சுக்கொட்டினான்.

"அடடா, ராகு காலம் தொடங்கிருச்சே மாரி. மொதமொதல்ல வண்டி எடுக்கிறவ இந்த நேரத்துலயா ஆரம்பிக்கிறது? இன்னிக்கு நான் ஓட்டிர்றேன். அடுத்த வாரம்..."

"ஆரம்பிச்சாச்சுங்க. நாலு மணிக்கே. பிரிக்பீல்ட்ஸ ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் நிறுத்தினேன். நடுவுல உங்களுக்காகக் கொஞ்சம் நிறுத்தி வெச்சிருக்கேன். இனி ஓட்டறது மீதி."

கன்னையா வாயைத் திறந்தான். ராகு காலத்தில் புதிதாய் ஒன்றைத் தொடங்கத்தான் கூடாது; தொடங்கினதைத் தொடரலாம். இதை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவனே அவன்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, காரைச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினான்.

முதல் பத்து நிமிஷம் அவன் வலது கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. "மெல்ல, மெல்ல," என்றான். "லோரி, லோரி," என்றான். மாரியாயி லோரியைத் தாண்டினாள். பத்து தீகா என்ற இடத்து டோலில் காசை நீட்டி மிச்சம் வாங்கி, சரியாய் இரண்டாம் கியருக்குப் போய், மூன்றாவது, நான்காவது என்று ஏற்றினாள். ஜன்னல் காற்றில் முந்தானை படபடத்தது. மேற்கே வெயில் தாழ்ந்து சாலை முழுக்கப் பொன்னாய்க் கிடந்தது. சந்தோஷம் என்றால் இதுதான் என்று அவளுக்கு நிச்சயமாய்த் தெரிந்தது. ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் திரும்பினால் கன்னையா தூங்கிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் போனாலும் டிரைவரை நம்பாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போகிற மனுஷன். வாய் லேசாய்த் திறந்து, தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவள் அவனைக் கேலி செய்ய நினைத்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. கண் கலங்கியது, சாலை தெரிய வேண்டுமே என்று துடைத்துக்கொண்டாள்.

பண்டமாரான் சிக்னல் வந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம். பச்சை விழுந்தது. மாரியாயி திரும்பவில்லை, நேரே போனாள்.

கார் நின்றதும் கன்னையா கண் விழித்தான். முன்னால் போர்ட் கிள்ளான் படகுத்துறையும், அதற்கப்பால் கப்பல்களும், உப்புக் காற்றும்.

"வீடு எங்க?" என்றான்.

"வீடு அங்கயேதான் இருக்கு. பெட்ரோலும் இருக்கு. எறங்குங்க, மீன் கடையில சாப்பிட்டுட்டுப் போவோம்."

கன்னையா கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மணி கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, அவள் வண்டியைப் பூட்டும் வரை காத்து நின்றான்.